ஏரி பார்த்த வீடும் ஒரு கேமராவும்: நீர்ப்பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு துவைக்கிற கல் கிடக்கிறது. அதைத் தாண்டி இருபதடி இறங்கினால் ஏரித் தண்ணீர். அம்மா துணி அலசி முடித்து உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் மடையான் என்கிற சின்னக் கொக்கு ஒன்று வந்து அந்தக் கல்மேல் நிற்கும். கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, ஈரக் கல்லோடு கல்லாகப் பத்து நிமிடம் அசையாது. சமையலறை ஜன்னலிலிருந்து நான் எடுத்த அந்த மடையான் படத்தில் அதன் மஞ்சள் கண், கழுத்துக் கோடுகள், அலகு நுனியில் தொங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர் எல்லாம் தெரியும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கும் பாரூர் ஏரிக்கும் இரண்டு வருடம் வண்டியில் அலைந்து எடுத்த எந்த மடையானும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. அங்கே நான் புது ஆள், பார்த்ததும் எழும்பிவிடும். இங்கே தினமும் பார்த்துப் பழகிய ஆள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலோ, தென்பெண்ணைக் கரையிலோ, அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடியோ வீடு உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பறவைப் படம் என்றால் வேடந்தாங்கல் போக வேண்டும், லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறக்காமலே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பத்து நாள் கேமரா வேண்டாம்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலையில் ஒரு அரை மணி, மாலையில் ஒரு அரை மணி, ஒரே இடத்தில் உட்காருங்கள். எந்தப் பறவை எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே உட்காருகிறது, எதைக் கண்டு எழும்புகிறது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'கறுப்பு, நீளக் கழுத்து, முங்குகிறது' என்று எழுதினாலும் சரி. பெயர் பிறகு வரும்.

நான்கைந்து நாளிலேயே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். நீர்க்காகம் மீன் பிடித்த பிறகு ஏறி உட்கார்ந்து சிறகு விரிக்கிற கட்டை பெரும்பாலும் அதே கட்டைதான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். எச்சம் விழுந்து சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும் கல், கொம்பு, மதகுச் சுவர் எது என்று பாருங்கள். அதுதான் நாற்காலி. உங்கள் வீட்டிலிருந்து தெரியும் வெளுத்த இடங்களையெல்லாம் நோட்டில் ஒரு கிறுக்கல் வரைபடமாகப் போட்டு வையுங்கள்.

இந்தப் பத்து நாளில் இன்னொன்றும் நடக்கும். நீங்கள் பறவைகளைப் பார்ப்பதுபோல அவை உங்களைப் பார்க்கும். தினமும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து, அவற்றின் பக்கம் நடந்து வராமல் எழுந்து போகிற மனிதனைக் கண்டு அவை விலகும் தூரம் குறையும். எங்கள் வீட்டு மடையான் முதலில் கதவுச் சத்தத்துக்கே பறந்தது. மாதம் ஒன்று ஆனபோது, நான் திண்ணையில் டம்ளரைக் கீழே வைத்தால்கூடத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. இந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, வீட்டில் இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

வெளிச்சம் எந்தப் பக்கம்

உங்கள் வீடு ஏரிக்கு எந்தத் திசையில் இருக்கிறது? தண்ணீர் மேற்கே இருந்தால் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவைமேல் விழும். காலைதான் உங்கள் நேரம். தண்ணீர் கிழக்கே என்றால் மாலை. வடக்கே பார்த்த கொல்லை உள்ளவர்களுக்கு மார்கழி, தை இரண்டும் நல்ல மாதங்கள். அப்போது சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்கே சாய்ந்தே போவதால் கிட்டத்தட்ட பகல் முழுக்க வெளிச்சம் பின்னாலிருந்து வரும். தெற்கே பார்த்த வீட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் எதிர்வெயிலோடு பழக வேண்டும். அதிலும் அழகு உண்டு. மூடுபனி எழும்பும் தண்ணீரில் கொக்கின் நிழலுருவம் அப்படித்தான் கிடைக்கும்.

தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் எழ ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிவிடும். வைகாசியில் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். எழுந்ததிலிருந்து இரண்டு மணி நேரம்தான் முக்கியம். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் தண்ணீருக்கு மேலும் காய்ந்த ஏரி மண்ணுக்கு மேலும் கானல் ஆடத் தொடங்கும். அந்தக் காற்றைத் தாண்டித் தூரத்துப் பறவையை எந்த லென்ஸில் எடுத்தாலும் நீரில் கரைந்ததுபோலத்தான் வரும். இது தெரியாமல் லென்ஸைக் குறை சொல்லி விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றையும் கவனியுங்கள். பறவை இறங்குவதும் எழும்புவதும் காற்றுக்கு எதிராகத்தான். எங்கள் வீட்டுக்கு ஏரி மேற்கே. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஏரியைத் தாண்டி எங்கள் முகத்தில் அடிக்கும். அப்போது எழும்பும் பறவையெல்லாம் எனக்கு வாலைக் காட்டிக்கொண்டுதான் போகும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வீட்டின் பின்னாலிருந்து ஏரிப்பக்கம் வீசும். அப்போது வாத்துக் கூட்டம் எங்களைப் பார்த்தபடி, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு இறங்கும். காலை வெயிலும் அதே பக்கத்திலிருந்து விழும். வருடம் முழுக்க நான் காத்திருப்பது அந்த மூன்று மாதத்துக்குத்தான். உங்கள் வீட்டுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

உட்காரும் இடம்

மொட்டை மாடியிலிருந்து எடுக்கத்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஏரி முழுக்கத் தெரியும், கூட்டம் எண்ண வசதி. ஆனால் மேலிருந்து எடுத்த வாத்து ஒரு முதுகாகத்தான் தெரியும். பறவையின் கண் மட்டத்துக்கு கேமரா இறங்கினால்தான் படத்தில் உயிர் வரும். பின்னால் இருக்கும் தண்ணீரும் கோரையும் மங்கி, பறவை தனியாக எடுத்து வைத்ததுபோல் நிற்கும். அதனால் கொல்லையின் கடைசியில், தரையோடு தரையாக உட்கார ஓர் இடம் பாருங்கள். பழைய கோரைப்பாய் போட்டுக் குப்புறப் படுத்தால் இன்னும் நல்லது.

மறைவுக்கு, சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல்வலை போதும். இரண்டு மீட்டர் வாங்கி, நான்கு குச்சி நட்டுக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். கட்டியதும் அன்றே உட்காராதீர்கள். ஒரு வாரம் வெறுமனே நிற்கட்டும். அது அங்கே நிற்கிற பொருள்தான் என்று பறவைகள் ஒத்துக்கொண்ட பிறகு உள்ளே போங்கள். இருட்டோடு போய் உட்கார்ந்துவிட வேண்டும். பறவை வந்த பிறகு நீங்கள் வருவது வேறு, நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பறவை வருவது வேறு.

எல்லாருக்கும் கொல்லை நேராகத் தண்ணீரில் இறங்காது. ஜன்னல் மட்டும் உள்ளவர்கள் உள்ளே விளக்கை அணைத்து, ஜன்னலிலிருந்து ஓரடி தள்ளி, இருட்டுக்குள் நின்று எடுங்கள். கண்ணாடி வழியாக எடுக்காதீர்கள், திறந்துவிடுங்கள். கொசுவலைச் சட்டம் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு சங்கதி. ஏரி எல்லாருக்கும் பொது. எதிர்க்கரையில் பெண்கள் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள். நீளமான லென்ஸைப் பார்த்தால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தத் துறை இருக்கும் திசையில் லென்ஸைத் திருப்பாத மாதிரி உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி, எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் அப்படிக் காட்டிய பிறகு எதிர்க்கரை அத்தை ஒருவர், "உங்க சிவப்பு மூக்குக் கோழி இன்னிக்கு எங்க பக்கம் வந்துச்சு" என்று சொல்லி அனுப்புகிறார். தாழைக்கோழியைத்தான் சொல்கிறார்.

கேமராவும் கேழ்வரகுப் பையும்

கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். போனில் பறவையை நெருக்கமாக எடுக்க முடியாது, ஆனால் பறவை இருக்கும் இடத்தை, மூடுபனியை, கூட்டம் எழும்புவதை எடுக்கலாம். வாங்குவதாக இருந்தால், பழகுபவர்களுக்கு லென்ஸ் மாற்றத் தேவையில்லாத சூப்பர்ஜூம் கேமரா ஒரு நல்ல தொடக்கம். நிக்கான் பி900 போன்றவை 2000 மி.மீ. லென்ஸுக்கு இணையான தூரம் இழுக்கும். வெளிச்சம் குறைந்தால் தடுமாறும், பறக்கும் பறவையைத் தொடர்வது கடினம். ஆனால் பறவையை அடையாளம் காணவும் உட்கார்ந்திருப்பதை எடுக்கவும் தாராளமாகப் போதும்.

லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் 70–300 மி.மீ. முதல் படி. ஒரு கணக்கு சொல்கிறேன். ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டு, பத்து மீட்டர் தூரத்தில் குறுகி நிற்கும் மடையானை எடுத்தால் அது படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் நிரப்பும். அதே பறவை முப்பது மீட்டரில் நின்றால் ஐந்தில் ஒரு பங்குதான். இருபது மீட்டர் நெருங்கி வர வைத்தால் மும்மடங்கு பெரிய லென்ஸ் வாங்கியதற்குச் சமம். அதனால்தான் பணத்தைவிட அந்தப் பத்து நாளை முதலில் சொன்னேன். பிறகு ஆசையும் வசதியும் இருந்தால் 150–600 மி.மீ. வாங்குங்கள்.

டிரைபாட் தரையில் படுத்து எடுக்க ஒத்துவராது. அதற்குப் பதில் ஒரு பை. பழைய ஜீன்ஸ் காலை முக்கால் அடிக்கு வெட்டி, ஒரு பக்கம் தைத்து, இரண்டு கிலோ கேழ்வரகு போட்டு மறுபக்கமும் தைத்துவிடுங்கள். அரிசியைவிடக் கேழ்வரகு சிறு மணி, லென்ஸின் அடியில் மண்போல் அமைந்து பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் கேழ்வரகுக்குப் பஞ்சமும் இல்லை. திண்ணைச் சுவரிலும் ஜன்னல் கட்டையிலும் தரையிலும் எங்கும் வைக்கலாம். நனைந்தால் உடனே பிரித்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முளைத்துவிடும்.

கேமராவில் வைக்க வேண்டிய எண்கள்

ஒரு படம் எத்தனை நொடியில் பதிவாகிறது என்கிற ஷட்டர் வேகத்தை நீங்கள் வைத்து, மற்றதை கேமராவிடம் விடும் முறையில் தொடங்குங்கள். நிக்கானில் 'எஸ்', கேனானில் 'டிவி' என்று இருக்கும். வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் போட்டு மேல் எல்லை 3200 வையுங்கள். நிற்கும் பறவைக்கு 1/500 நொடி, நடந்து இரை தேடும் பறவைக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்க வேண்டும். அதை ஏஎஃப்-சி என்றோ சர்வோ என்றோ போட்டிருப்பார்கள். நிற்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளியை எடுத்துக் கண்ணில் வையுங்கள். கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கினாலும் படம் நிற்கும்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது வெள்ளையும் கறுப்பும்தான். கேமரா தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட தண்ணீரில் ஒரு வெண்கொக்கு நின்றால், தண்ணீரின் இருட்டைப் பார்த்து மொத்தப் படத்தையும் வெளுக்க வைக்கும். கொக்கின் இறகு ஒன்றுகூடத் தெரியாமல் வெள்ளைக் காகிதம்போல ஆகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, சரிக்கட்டும் பொத்தானில் 0.7 அல்லது 1 குறையுங்கள். மின்னும் தண்ணீரில் நீர்க்காகம் என்றால் நேர்மாறு, 0.7 அல்லது 1 கூட்டுங்கள். கூட்டினால்தான் அதன் முதுகில் இருக்கும் செதில் செதிலான வெண்கலப் பளபளப்பும் பச்சைக் கண்ணும் தெரியும். ஒரு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். கேமராவில் வசதி இருந்தால் சென்சார் பிடித்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா ஃபைலாகவும் பதிவு செய்யுங்கள், பிறகு திருத்த இடம் கிடைக்கும்.

பறவைக்குப் பறவை

மடையான், உண்ணிக்கொக்கு, சின்ன வெண்கொக்கு மூன்றும் தொடங்குபவர்களுக்கு ஏற்ற ஆசிரியர்கள். பொறுமையாக நிற்கும், பிடித்த இடத்துக்குத் திரும்ப வரும். எழும்பப் போகும்போது உடம்பை முன்னால் சாய்த்து, கழுத்தை மடக்கும், பல நேரம் எச்சம் போடும். அந்தக் கணத்தில் விரலை அழுத்தத் தொடங்குங்கள். மண்ணோடு மண்ணாக நின்ற மடையான் எழும்பும்போது வெள்ளைச் சிறகு விரிவது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நாமக்கோழி நெற்றியில் வெள்ளை நாமம் போட்டிருக்கும். எழும்பும்போது தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். அந்த ஓட்டத்தைப் பக்கவாட்டில் எடுத்தால் காலடிக்கொரு தெறிப்பாக வரும். புள்ளிமூக்கு வாத்து அப்படி ஓடாது, நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எகிறும். அதனால் அதற்குப் படச்சட்டத்தில் தலைக்கு மேல் இடம் விட்டு வையுங்கள்.

மீன்கொத்திக்கு ஒரு கொம்பு நடலாம். காய்ந்த கருவேலங் கொம்பு ஒன்றைத் தண்ணீர் விளிம்பில், உங்கள் மறைவிலிருந்து ஐந்தாறு மீட்டரில், பின்னால் தூரத்துத் தண்ணீர் மட்டும் தெரியும்படி நட்டு வையுங்கள். எங்கள் கொம்புக்கு வெண்மார்பு மீன்கொத்தி வர ஒன்பது நாள் ஆனது. வந்த முதல் நாள் ஒரு மீனோடு வந்தது. மீனின் வாலைக் கவ்வி, தலையைக் கொம்பில் இடமும் வலமுமாக அடித்தது. அடிக்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணை ஒரு மெல்லிய சவ்வு மூடித் திறந்தது. பிறகு மீனைத் திருப்பித் தலை முன்னால் போகும்படி விழுங்கியது. கண் மூடிய படம் ஏழு, திறந்த படம் மூன்று. பர்ஸ்ட் என்கிற தொடர் எடுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தப் பத்துப் படங்களைக் காட்டுவேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி இப்படிக் கொம்பில் காத்திருக்க வேண்டியதில்லை, தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பார்த்து, செங்குத்தாக விழும். நிற்கும்போதே ஃபோகஸ் பிடித்துவிடுங்கள். விழத் தொடங்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

முக்குளிப்பானுக்குக் கண்ணைவிடக் காதும் கணக்கும் உதவும். முங்கினால் பதினைந்து இருபது நொடி கழித்து வேறோர் இடத்தில் வரும். முங்கும்போது தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்த்து அந்தப் பக்கம் கேமராவை நகர்த்தி வைத்துக் காத்திருங்கள். அதன் குரல் குதிரை கனைப்பதுபோல இழுத்துக் கிலுகிலுக்கும்.

மழையும் கோடையும்

ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, வாலாட்டி, உள்ளான் வகைகள் வரத் தொடங்கும். பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஏரி நிரம்பிக் கோடி வழியே உபரித் தண்ணீர் போகும்போது படம் குறையும். தண்ணீர் ஆழமாகிவிட்டால் கரையோரம் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு வேலை இல்லை, வேறு இடம் போய்விடும். மனம் தளராதீர்கள். தண்ணீர் வடியத் தொடங்கி, கரையோரம் சேறு வெளிப்படும் வாரங்கள்தான் கொண்டாட்டம். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாம் ஒரே சேற்றில் நிற்கும். நீர்மட்டத்தை நோட்டில் குறித்து வந்தால் அடுத்த வருடம் அந்த வாரத்தை முன்கூட்டியே சொல்லலாம்.

ஆற்றங்கரை வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கே.ஆர்.பி. அணையில் ஷட்டர் திறந்தால் தென்பெண்ணையில் தண்ணீர் வேகமாக உயரும். கர்நாடக அணைகளில் திறந்தால் ஒகேனக்கல் பக்கம் காவிரி உயரும். எச்சரிக்கை வந்த நாளில் ஆற்றுக்குள் இருக்கும் பாறைக்குப் படமெடுக்க இறங்கவே கூடாது. காவிரியில் முதலை உண்டு, விளிம்பில் படுத்து எடுக்கும் பழக்கம் அங்கே வேண்டாம். ஏரிக்கரையிலும் இருட்டில் போகும்போது டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் வேண்டும். புல்லுக்குள் கண்ணாடி விரியன் இருக்கும்.

கேமராவுக்கும் மழைக்காலம் ஆகாது. என் முதல் லென்ஸை ஒரு அடைமழை மாதம் முழுக்கத் துணி பீரோவில் வைத்திருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.

கூடும் முட்டையும்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு சித்திரையில் ஏரி உள்வாய் வறண்டு கிடந்தபோது, கூழாங்கற்களுக்கு நடுவே ஆள்காட்டியின் நான்கு முட்டைகளைப் பார்த்தேன். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாத நிறம். அருகில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் எடுத்தேன். தாய் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. பதினொரு மணி வெயில். ஆள்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவை. நான் இருந்த நேரம் முழுக்க அந்த முட்டைகள் வெயிலில் வெறுமனே கிடந்தன. வேலமரத்தில் இரண்டு காக்கைகள் நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் முட்டை இல்லை. படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. கூடு கண்ணில் பட்டால் விலகிப் போங்கள். பறவை உங்களைப் பார்த்துக் கத்தினாலோ, இரையோடு வந்து இறங்காமல் சுற்றினாலோ, நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். மறைக்கிறது என்று கோரையை வெட்டாதீர்கள். போனில் பறவைக் குரல் போட்டு அழைக்காதீர்கள். எழும்பும் படம் வேண்டும் என்று கல்லெறிவதோ கை தட்டுவதோ கூடாது. கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியே சொல்லாதீர்கள்.

எங்கள் ஏரியில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் கரையோரம் பரிசலை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, தெற்கால கோரையில காட்டு வாத்து குஞ்சு பொரிச்சிருக்குது. ரெண்டு நாளா நான் அந்தப் பக்கம் வலை விடறதில்ல. நீயும் போகாத." பதினொரு நாள் நானும் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் தாய் வாத்து ஒன்பது குஞ்சுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு எங்கள் கொல்லைப் பக்கம் தானாகவே வந்தது.

தூரத்திலிருந்து எடுக்க முடிந்த கூடு உண்டு. முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டும். ஒருமுறை எங்கள் மாடியிலிருந்து நாற்பது மீட்டரில் ஒன்று. செம்பருந்தின் நிழல் தண்ணீரில் ஓடியதும், அது எழுந்து அலகால் பாசியை இழுத்து நாலைந்து தடவை முட்டைகள்மேல் போட்டது. முட்டை மறைந்துவிட்டது. பிறகு சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி முங்கியது. எல்லாம் மூன்று நான்கு நொடிக்குள். மிதக்கும் குப்பைபோல மட்டுமே அங்கே ஏதோ கிடந்தது. மாடியில் இருந்ததால்தான் என்னால் இதைப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் போயிருந்தால் செம்பருந்துக்குப் பதில் என்னைப் பார்த்துத்தான் மூடியிருக்கும்.

எடுத்த பிறகு

அன்றன்றே படங்களைப் பாருங்கள். இருநூறு எடுத்தால் பத்து வைத்துக்கொள்ளுங்கள். கண் மங்கியதை முதலில் நீக்கிவிடுங்கள். வெட்டுவதும் வெளிச்சம் திருத்துவதும் போதும், நிறத்தை ஏற்றி ஏற்றி மடையானை மாம்பழமாக்க வேண்டாம். தேதியும் இடமும் சேர்த்துப் பெயரிட்டு வையுங்கள்.

பெயர் தெரியாத பறவைக்குப் படமே சாட்சி. பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் இ-பேர்டு செயலியில் உங்கள் ஏரியின் பட்டியலைப் போட்டு வந்தால், வருடா வருடம் எது வருகிறது, எது வருவதில்லை என்பது மற்றவர்களுக்கும் பயன்படும் கணக்காகிவிடும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து எண்ணினால் போதும், யார் வேண்டுமானாலும் சேரலாம். வாசலில் கோலம் போடும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரிய ஏரிகளும் அணைகளும் அந்த நாட்களில் ஆட்கள் பார்த்துவிடுவார்கள். பெயர்ப்பலகை இல்லாத நம் ஊர் ஏரியை நாம் பார்க்காவிட்டால் அது பட்டியலிலேயே வராது.

நோட்டில் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்காக என் நோட்டிலிருந்து ஒரு தை மாதக் காலை:

6.50. மூடுபனி, எதிர்க்கரை தெரியவில்லை. காற்று இல்லை. தண்ணீர் மதகின் மூன்றாம் படியில். நீலச்சிறகி 11, நடு ஏரியில், தலையைச் சிறகுக்குள் வைத்துத் தூக்கம். 7.10, நாமக்கோழி கோரையிலிருந்து வெளியே, எண்ண முடியவில்லை. 7.25, பனி விலகியது. பரிசல் வந்தது, நீலச்சிறகி எழும்பவில்லை, பத்தடி நகர்ந்தது. 7.40, அம்மா துவைக்க வந்தார். 8.05, கல்மேல் மடையான்.